கடைசி மணி அடித்த பிறகும் ஓடும் மீட்டர்

ஒரு வருடத்துக்கு 8,760 மணி நேரம். ஒரு பள்ளி வருடத்தில் சுமார் 200 நாள், நாளுக்கு ஏழு மணி நேரம் நடக்கிறது என்று வைத்துக்கொண்டால் 1,400 மணி நேரம்தான் ஆகிறது. மீதி 7,360 மணி நேரமும் வகுப்பறைகள் பூட்டித்தான் கிடக்கின்றன. மின்சாரத்தையும் தண்ணீரையும் குறைக்க உதவி கேட்டு எந்தப் பள்ளி கூப்பிட்டாலும், நான் முதலில் கரும்பலகையில் எழுதிக் காட்டுவது இந்தக் கணக்கைத்தான். ஆள் இல்லாத நேரத்தில் ஒரே ஒரு கிலோவாட் சும்மா ஓடினால் வருடத்துக்கு 7,360 யூனிட். 75 வாட் சீலிங் ஃபேன் ஒன்று பள்ளி நேரம் முழுக்க வருடம் பூராவும் ஓடினால் ஆவது 105 யூனிட். அதாவது யாருக்கும் பயன்படாமல் போகும் அந்த ஒரு கிலோவாட், எழுபது ஃபேன்களின் வருடச் செலவுக்குச் சமம்.

இதைச் சொன்னதும் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். “சாயங்காலம் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்தானே போகிறோம்?” நம்பித்தான் சொல்கிறார்கள். அதனால் வாதாடுவதில்லை. மூன்று வருட மின்கட்டண ரசீதுகளைக் கேட்டு வாங்கி, மாதவாரியாகக் கோடு போட்டுப் பார்ப்பேன். நீண்ட விடுமுறை மாதத்துக் கோடு கீழே விழுந்திருக்க வேண்டும். நான் பார்த்த பள்ளிகள் பலவற்றில் அது பாதிக்குமேல் இறங்குவதில்லை. பிள்ளைகளே இல்லாத மாதத்தில் பாதி மின்சாரம் எங்கே போனது என்ற கேள்வி எழுந்துவிட்டால் நம் வேலை பாதி முடிந்த மாதிரி. அதற்கு அப்புறம் யாரையும் வற்புறுத்த வேண்டியதில்லை, அவர்களுக்கே ஆர்வம் வந்துவிடும்.

அடுத்து மீட்டர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசி ஆள் கிளம்பும்போது ஒரு தடவையும், திங்கட்கிழமை காலை முதல் ஆள் வரும்போது ஒரு தடவையும் எண்ணைக் குறிக்கச் சொல்வேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மணி நேரத்தால் வகுத்தால் வருவதுதான் பள்ளியின் தூங்கும் சுமை. கருவி எதுவும் வேண்டாம், செலவும் இல்லை. இந்த எண் தெரியாமல் எந்த முதலீட்டிலும் இறங்காதீர்கள் என்பது என் பிடிவாதம். பெரிய மீட்டராக இருந்தால் பெருக்கு எண் என்று ஒன்று இருக்கும். மீட்டர் காட்டும் எண்ணை அதால் பெருக்கினால்தான் உண்மையான யூனிட் வரும். ரசீதில் அது அச்சிட்டிருக்கும். அதைக் கவனிக்காமல் “எங்கள் பள்ளியில் செலவே இல்லை” என்று மகிழ்ந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இந்தத் தூங்கும் சுமையைத் தேட, இருட்டிய பிறகு ஒருமுறை பள்ளியைச் சுற்றி வர வேண்டும். அதற்கு வாட்ச்மேனை விட நல்ல துணை கிடையாது. தலைமையாசிரியருக்குத் தெரியாததெல்லாம் அவருக்குத் தெரியும். ஒரு பள்ளியில், “சார், அந்தக் கழிப்பறை எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு சுவிட்ச் எங்கே என்றே யாருக்கும் தெரியாது, கட்டிடம் கட்டிய நாளிலிருந்து ஓடுகிறது” என்று சர்வசாதாரணமாகச் சொன்னார் வாட்ச்மேன் அண்ணன். இவ்வளவு நாள் அவரிடம் யாரும் கேட்டதில்லை.

அப்படிச் சுற்றும்போது மாட்டுகிறவை ஊருக்கு ஊர் பெரிதாக மாறுவதில்லை. வெந்நீரும் குளிர்நீரும் தரும் குடிநீர் இயந்திரம், ராத்திரி முழுக்க யாரும் குடிக்காத தண்ணீரைச் சூடாக்கிக் குளிரவைத்துக் கொண்டிருக்கும். இந்த வகை இயந்திரம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஒன்றிரண்டு யூனிட் சும்மா இருப்பதற்கே போய்விடும். கணினி அறையில் ஸ்கிரீன்சேவர் ஓடும். திரையில் மீன் நீந்தினாலும் பூப்பூத்தாலும் மின்சாரம் குறைவதில்லை. திரை அணைய வேண்டும், கணினி தூக்க நிலைக்குப் போக வேண்டும். கணினிகளை எல்லாம் அணைத்த பிறகும் அவற்றுக்கான யூபிஎஸ் சூடாக இருந்தால், அது தன் பங்குக்குத் தின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஆய்வகத்தில் பழைய ஃபிரிட்ஜ் ஒன்று ஓடும். திறந்தால் உள்ளே ஒரு பாட்டில். பாதி சமயம் அது யாரோ பெருந்தன்மையாகக் கொடுத்தது. இலவசமாக வரும் பழைய கருவிகளை வாங்கும் முன் அவற்றின் வருட மின்செலவைக் கணக்குப் போடுங்கள் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது.

எல்லாவற்றையும் அணைத்துவிடவும் முடியாது. மருந்து வைத்த ஃபிரிட்ஜ், தீ எச்சரிக்கை, கண்காணிப்புக் கேமரா, சர்வர் எல்லாம் ஓடியே ஆக வேண்டும். அதனால் ஸ்டிக்கர். சிவப்புப் பொட்டு இருந்தால் யாரும் தொடக்கூடாது. மஞ்சள் இருந்தால் கேட்டுவிட்டு அணைக்கலாம். பச்சை என்றால் யார் வேண்டுமானாலும் அணைக்கலாம். பார்க்கச் சின்னப்பிள்ளை விளையாட்டு போலத் தெரியும். ஆனால் “நான் அணைத்து ஏதாவது கெட்டுப்போனால்?” என்ற பயம்தான் பல சுவிட்சுகளை அணைய விடாமல் வைத்திருக்கிறது. அந்தப் பயம் போனதும் துப்புரவுப் பணியாளர்கள் தாங்களாகவே அணைக்கத் தொடங்கினார்கள். குடிநீர் இயந்திரத்துக்கு மட்டும் டைமர் போட்டுவிடுவது நல்லது. நீண்ட விடுமுறைக்குப் பின் ஓடவிடும்போது தேங்கிய தண்ணீரை முழுக்க வடித்துவிட வேண்டும், அதில் சிக்கனம் பார்க்கக்கூடாது.

சுவிட்ச் போர்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மாலை வகுப்பறை கூட்ட வந்த ஒரு அக்காவோடு நின்று பார்த்தேன். தாழ்வாரத்தில் ஒரு போர்டு, அதில் எட்டு சுவிட்ச், எதற்கு எது என்று எழுத்தே இல்லை. அவருக்கு வேண்டியது கடைசி அறைக்கு முன்னால் உள்ள ஒரு விளக்கு. எட்டையும் தட்டினார். மொத்தத் தாழ்வாரமும் பளிச்சென்று எரிந்தது. வேலை முடியும்வரை அப்படியே எரிந்தது. அவரை என்ன குறை சொல்வது? நான் இருந்தாலும் எட்டையும்தான் தட்டியிருப்பேன். மறுநாள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர், ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பார்த்து, பெயர் எழுதி ஒட்டினார்கள். அந்தக் கட்டிடத்தில் நடந்த மிக மலிவான, மிக உருப்படியான மாற்றம் அதுதான்.

வகுப்பறைக்கு வருவோம். இங்கே முதலில் பார்க்க வேண்டியது ஜன்னலை. ஒரு பள்ளியில் ஜன்னல் கண்ணாடி முழுக்கப் பிள்ளைகள் வரைந்த சுவரொட்டிகள். “மின்சாரத்தைச் சேமிப்போம்” என்று பெரிய எழுத்தில் இருந்தது. அது வெளிச்சத்தை மறைத்ததால் நடுப்பகலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சுவரொட்டிகளைச் சுவருக்கு மாற்றி, ஜன்னலை அடைத்து நின்ற பீரோவை நகர்த்தி, கண்ணாடியைத் துடைத்தோம். மூன்று வரிசை விளக்கில் ஒரு வரிசை தேவைப்படாமல் போனது.

ஆனால் அந்த ஒரு வரிசையை மட்டும் அணைக்க வழி இருக்கிறதா என்பது அடுத்த சிக்கல். பல பள்ளிகளில் ஒரு சுவிட்ச் முன்பக்க விளக்குகளுக்கும், இன்னொன்று பின்பக்க விளக்குகளுக்கும் இருக்கும். வெளிச்சம் வருவதோ பக்கவாட்டு ஜன்னல் வழியாக. ஜன்னலுக்கு இணையாக ஓடும் வரிசைகளுக்குத் தனித்தனி சுவிட்ச் இருந்தால்தான் ஜன்னலோர வரிசையைப் பகலில் அணைக்க முடியும். பழுதுபார்ப்போ வெள்ளையடிப்போ நடக்கும்போது எலக்ட்ரீசியனிடம் சொல்லி வயரிங்கை இப்படி மாற்றிக்கொள்ளுங்கள். தனியாக இதற்கென்று சுவரை உடைக்க வேண்டாம்.

பழைய 36 வாட் குழல்விளக்கு, சோக்கின் இழப்போடு சேர்த்தால் 45 வாட் வரை இழுக்கும். அதே இடத்தில் எல்இடி குழல் 18, 20 வாட்டில் வேலையை முடித்துவிடும். இந்த மாற்றத்தைத் தள்ளிப்போடவும் முடியாது. பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள், குழல்விளக்குகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027-க்குள் நிறுத்துவதென்று 2023-இல் முடிவெடுத்துவிட்டன. கழற்றிய குழல்களைப் பிள்ளைகள் கையில் கொடுக்கக்கூடாது, குப்பைத்தொட்டியிலும் போடக்கூடாது. உள்ளே பாதரசம் இருக்கிறது. உடையாமல் பெட்டியில் கட்டி, அபாயக் கழிவு எடுப்பவர்களிடம்தான் ஒப்படைக்க வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சிக்கனம் என்று வகுப்பறையை இருட்டாக்கிவிடக்கூடாது. எழுதும் மேசையின் மேல் குறைந்தது 300 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் வேண்டும். அதை அளக்கக் கைபேசியில் கிடைக்கும் செயலிகள் தோராயமாகத்தான் காட்டும் என்றாலும், கடைசி பெஞ்சுக்கும் முதல் பெஞ்சுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கப் போதும். காற்றும் அப்படித்தான். குளிரூட்டிய அறையின் கதவு ஜன்னலை அடைத்துவிட்டால் நாற்பது பிள்ளைகள் விடும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டே போகும். வெளிக்காற்றில் சுமார் 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) இருப்பது, அடைத்த வகுப்பில் 1,000-ஐத் தாண்ட அதிக நேரம் ஆகாது. பிற்பகலில் பிள்ளைகள் கொட்டாவி விடுவதற்குப் பாடம் மட்டும் காரணமல்ல.

ஃபேன் விஷயத்தில் என் கருத்து பலருக்குப் பிடிப்பதில்லை. குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதுவகை மோட்டார் கொண்ட பிஎல்டிசி ஃபேன் 28 முதல் 35 வாட்டுக்குள் ஓடும், பழையது 75 வாட் வாங்கும். லாபம் நிச்சயம். ஆனால் எல்லா அறையிலும் ஒரே நாளில் மாற்ற வேண்டும் என்று நான் சொல்வதில்லை. அதிக நேரம் ஓடும் இடத்தில்தான் போட்ட பணம் சீக்கிரம் திரும்பும். அலுவலகம், ஆசிரியர் அறை, விடுதி இருந்தால் விடுதி, அப்புறம்தான் வகுப்பறைகள். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் திறக்கும் கலையரங்கத்துக்குப் புது ஃபேன் வாங்குவது கணக்குக்கு ஒத்துவராது. அங்கே பழையது கெட்டுப்போகட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம். இன்னொன்று, ஃபேன் அறையைக் குளிரவைப்பதில்லை, ஆளைத்தான் குளிரவைக்கிறது. “பிள்ளைகள் விளையாட்டுப் பாடவேளை முடிந்து வரும்போது ஜில்லென்று இருக்கட்டும்” என்று காலியான வகுப்பில் ஓடவிடுவதில் ஒரு பயனும் இல்லை.

ஏசி இருக்கும் அறைகளில் வெப்பநிலையை ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது பொதுவான கணக்கு. கூடவே ஃபேனையும் போட்டால் 26 டிகிரி யாருக்கும் கஷ்டமாக இருக்காது. வெயில் ஏறும் மாடி வகுப்பறைகளுக்கு ஏசிக்கு முன்னால் மொட்டை மாடியைப் பாருங்கள். கருத்துப்போன கான்கிரீட் தளம் பகல் முழுக்க வெப்பத்தை வாங்கி வைத்து, பிற்பகலில் தலைக்குமேல் கொட்டுகிறது. வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு அடித்தால் கீழே உட்கார்ந்திருப்பவர்களே வித்தியாசத்தைச் சொல்வார்கள். பூச்சு அழுக்கேறினால் பலன் குறையும், அதனால் கழுவவும் ஆள் வேண்டும். மேற்குப் பக்கம் நிழல்தரும் மரம் இருந்தால் இன்னும் நல்லது. நூறு கன்றுகளை ஒரே நாளில் நட்டுப் படம் எடுத்துக்கொள்வதை விட, மேற்குச் சுவர் ஓரம் பத்து நட்டு, நீண்ட விடுமுறையில் யார் தண்ணீர் ஊற்றுவது என்று பெயரோடு எழுதி வைப்பது மேல்.

குளிர் நாட்டுப் பள்ளிகளில் பெரும்பங்கு சூடேற்றுவதற்குத்தான் போகிறது. அங்கேயும் கேள்வி அதேதான், ஆள் இல்லாதபோது என்ன ஓடுகிறது? எப்போதோ நடந்த ஒரு மாலை நிகழ்ச்சிக்காக, அறைகளைச் சூடேற்றும் பாய்லரின் டைமரை நீட்டியிருப்பார்கள், பழைய நேரத்துக்குத் திருப்பியிருக்க மாட்டார்கள். சனி ஞாயிறும் விடுமுறை நாட்களும் டைமரில் பதிவாகியே இருக்காது. அதைத் திறந்து பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

தண்ணீரையும் இதே முறையில் பிடித்துவிடலாம். சாயங்காலம் தண்ணீர் மீட்டரைக் குறித்து, காலையில் மறுபடி பாருங்கள். டேங்க் நிரம்புவதற்கான அளவைக் கழித்த பிறகும் எண் நகர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது. மீட்டர் இல்லையென்றால் மேல்தொட்டியின் மட்டத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்து வைத்தாலும் போதும். முதல் சந்தேகம் எப்போதும் கழிப்பறைத் தொட்டி மேல்தான் விழ வேண்டும். தொட்டிக்குள் கொஞ்சம் எழுதும் மையை விட்டு, அரைமணி நேரம் யாரையும் பயன்படுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோப்பையில் நிறம் இறங்கினால் உள்ளே வால்வு சரியாக மூடவில்லை. சத்தமே இல்லாமல் நாளுக்கு நூற்றுக்கணக்கான லிட்டர் இப்படிப் போகும். சொட்டும் குழாய்க்கு அடியில் ஒரு பாட்டிலை ஒரு மணி நேரம் வைத்து, கிடைத்ததை 24-ஆல் பெருக்கச் சொன்னால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையே நிர்வாகத்துக்குக் கணக்குக் கொடுத்துவிடும். ஆர்ஓ இயந்திரம் வடித்துத் தள்ளும் தண்ணீர் சாக்கடைக்குப் போகிறதா என்றும் பாருங்கள். தரை துடைக்கவும் கழிப்பறைக்கு ஊற்றவும் அது போதும். உப்பு அதிகம் என்பதால் செடிகளுக்கு மட்டும் யோசித்து ஊற்ற வேண்டும்.

குப்பையைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை. ஈரக் குப்பையோடு அதைப்போல இரண்டு மூன்று பங்கு காய்ந்த இலை சேர்த்தால் உரக்குழி நாறாது. நாறினால் ஈரம் கூடிவிட்டது, இலையைப் போட்டுக் கிளறுங்கள். அவ்வளவுதான்.

சூரிய ஒளித் தகடு போடலாமா என்ற கேள்வி எல்லாப் பள்ளியிலும் முதல் நாளே வந்துவிடும். போடலாம், ஆனால் கடைசியில். தூங்கும் சுமையைக் குறைக்காமல் தகடு போட்டால், தேவையில்லாத செலவுக்கும் சேர்த்துப் பெரிய அமைப்பாக வாங்க வேண்டியிருக்கும். மாடியில் நீர்க்கசிவு இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள், தகடு ஏறிய பிறகு அடியில் வேலை செய்வது பெரும்பாடு. தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரு தகட்டின் மேல் விழுந்தாலும் அதோடு தொடராக இணைத்த மற்றவற்றின் உற்பத்தியும் அடிவாங்கும். வெயில் நன்றாக அடிக்கும் காலத்தில்தான் பெரும்பாலும் நீண்ட விடுமுறை வருகிறது. அப்போது உற்பத்தியாகும் மின்சாரம் பொது மின்கட்டமைப்புக்குப் போனால் உங்களுக்கு என்ன கணக்கில் வரவு வைக்கிறார்கள் என்று ஒப்பந்தத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள். சொக்கெட்டில் சொருகினால் பில் பாதியாகும் என்று சொல்லி விற்கும் “மின்சேமிப்புப் பெட்டி”களை மட்டும் வாங்கவே வேண்டாம். உள்ளே இருப்பது ஒரு சின்ன கெபாசிட்டர். யூனிட் கணக்கை அது குறைக்காது. ஒரு பள்ளியில் ஒவ்வொரு மாடியிலும் ஒன்று சொருகியிருந்ததைப் பார்த்தேன். பச்சை விளக்கு எரிவதுதான் அது செய்த ஒரே வேலை.

பிள்ளைகளை எதில் சேர்ப்பது? ஐ.நா. 1992-இல் ரியோவில் நடத்திய சுற்றுச்சூழல் மாநாட்டுக்குப் பின், 1994-இல் டென்மார்க், ஜெர்மனி, கிரீஸ், பிரிட்டன் நாடுகளில் தொடங்கிய ஈகோ-ஸ்கூல்ஸ் என்ற பள்ளிச் சுற்றுச்சூழல் திட்டம் ஏழு படிகளை வைத்திருக்கிறது. முதல் படியே பிள்ளைகள் இருக்கும் ஒரு குழு, இரண்டாவது பள்ளியின் நிலையை ஆய்வு செய்வது. சுவரொட்டியும் உறுதிமொழியும் அங்கே முதலில் வருவதில்லை. என் அனுபவமும் அதுதான். மீட்டர் படிப்பது, கோடு போடுவது, காரணம் தேடுவது என்று பிள்ளைகளுக்கு உண்மையான வேலை கொடுத்தால் நிற்பார்கள். “விளக்கை அணைக்காதவர்கள் பெயரை எழுது” என்று காவலராக்கினால் ஆசிரியர்களுக்கும் அவர்களுக்கும் மனஸ்தாபம்தான் மிச்சம். ஒரு மிஸ் என்னிடம் வந்து, “என்னைப் பற்றி ஆறாம் வகுப்புப் பையன் புகார் எழுதியிருக்கிறான் சார்” என்று பாதி சிரிப்பும் பாதி கோபமுமாகச் சொன்னார். அந்தப் பள்ளியில் அன்றோடு பெயர் எழுதுவதை நிறுத்தினோம்.

பணம் பற்றிப் பேசாமல் எதுவும் நிலைக்காது. சுவிட்சை அணைப்பவர் ஒருவர், பில் கட்டுபவர் வேறொருவர். மிச்சமான பணம் எங்கேயோ கணக்கில் கலந்துவிட்டால், மெனக்கெட்டவர்களுக்கு அது தெரிவதுகூட இல்லை. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் 1994-இல் இதற்கு ஒரு வழி கண்டது. மிச்சமாவதில் பாதி பள்ளிக்கு, பாதி பில் கட்டும் நகராட்சிக்கு. ஃபிஃப்டி-ஃபிஃப்டி என்று பெயர் வைத்தார்கள். பிறகு ஐரோப்பாவின் வேறு பல இடங்களும் அதை எடுத்துக்கொண்டன. உங்கள் நிர்வாகத்திடம் பாதி கேட்க முடியாவிட்டால் கால்வாசி கேளுங்கள். வாய்வார்த்தையாக வேண்டாம், எழுத்தில் வாங்குங்கள். அந்தப் பணத்தில் எதை வாங்குவது என்பதைப் பிள்ளைகளும் துப்புரவுப் பணியாளர்களும் வாட்ச்மேனும் உட்கார்ந்து முடிவெடுக்கட்டும். ஒரு பள்ளியில் பணியாளர்கள் கேட்டது, ஓய்வறைக்கு ஒரு நல்ல ஃபேன்.

பொறுப்பெடுத்த ஆசிரியர் மாற்றலாகிப் போனதும் எல்லாம் பழையபடி ஆகிவிடுவதை நிறையப் பார்த்துவிட்டேன். அதனால் இப்போதெல்லாம் ஒரு தடித்த நோட்டை அலுவலக மேசையில் கயிறு கட்டி வைக்கச் சொல்கிறேன். அதில் வாராவாரம் வெள்ளி, திங்கள் மீட்டர் எண், பெருக்கு எண், எந்த அறையில் என்ன எப்போது மாற்றியது, டைமர்களின் நேரம், சிவப்புப் பொட்டு வைத்த கருவிகளின் பட்டியல், எலக்ட்ரீசியன், பிளம்பரின் தொலைபேசி எண்கள். முதல் பக்கத்தில் அதைப் பார்த்துக்கொள்ளும் இருவரின் பெயர். ஒருவர் ஆசிரியர். இன்னொருவர் மாற்றலாகாத, சாவிக்கொத்து கையில் இருக்கும் ஊழியர்.